ஆயா அளந்த படி

முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் காலை எழும்பூரில் பாசஞ்சர் ஏறுவோம். மதுராந்தகம், அச்சிறுபாக்கம், தொழுப்பேடு, ஒலக்கூர், திண்டிவனம், மயிலம் என்று ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் சத்தம்போட்டுப் படித்துக்கொண்டே வருவேன். அடுத்தது பேரணி. தாத்தா வண்டி கட்டிக்கொண்டு வந்து, ஸ்டேஷனுக்கு வெளியே மாட்டை அவிழ்த்துப் புளியமரத்து நிழலில் கட்டியிருப்பார். வண்டியில் வைக்கோல், அதன்மேல் சாக்கு. சாக்கின் அடியில் எங்களுக்காக வெட்டிவைத்த நுங்கு.

*

சென்னையில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். அங்கே கொல்லை என்றால் மேட்டு நிலம். நெல் போடுவது கழனி. பாட்டி ஆயா. கேழ்வரகு கேவுரு. வேர்க்கடலை மல்லாட்டை. லீவு முடிந்து திரும்பி வந்ததும் வகுப்பில் வாய் தவறி மல்லாட்டை என்று சொல்லிவிட்டேன். பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன். மணிலாக் கொட்டைதான் பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. அந்தச் சொல்லுக்குள் ஒரு கப்பல் வழியே இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே தென்னாற்காட்டு மல்லாட்டை பாண்டிச்சேரியில் கப்பலேறி, எண்ணெய் ஆட்டுவதற்காக பிரான்ஸின் மார்செய் துறைமுகம்வரை போயிருக்கிறது.

*

மார்கழிக் கடைசியில் விதைத்தால் சித்திரையில் பிடுங்கலாம். நூற்றைந்து நாள் பயிர். எங்கள் லீவும் அறுவடையும் ஒன்றாக வந்தது இதனால்தான். தாத்தா போட்டது டி.எம்.வி. 2. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனம்தான். அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்து 1940இல் வெளியிட்ட கொத்து ரகம் அது. ஆந்திரம், கர்நாடகம் எல்லாம் பரவி, எத்தனையோ புது ரகங்கள் வந்த பிறகும் உழவர் கையைவிட்டுப் போகாமல் நின்றது. தாத்தாவுக்கு அதில் பெருமை. "நம்மூரு வெதை" என்பார், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

பிடுங்கலாமா வேண்டாமா என்று பார்க்க நாலு மூலையிலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்குவார். காயை நசுக்கிப் பருப்பை என் வாயில் போட்டுவிட்டு, தோட்டின் உட்புறத்தை வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தால் இன்னும் பிஞ்சு. உள்ளே காப்பிக்கறை மாதிரி கறுத்திருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஒரு வருஷம் தோட்டை என் கையில் கொடுத்து, "நீ சொல்லு கண்ணு, புடுங்கலாமா?" என்று கேட்டார். எனக்கு எட்டு வயது. அரை மணி நேரம்போல் பார்த்திருப்பேன். "புடுங்கலாம் தாத்தா" என்றேன். அன்று சாயங்காலமே, செடி பொலபொலவென்று வர, மடை திறந்து கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்.

*

பிடுங்குவது ஆண்கள், ஆய்வது பெண்களும் பிள்ளைகளும். வேப்பமர நிழலில் குவியல் குவியலாகச் செடி. ஒரு கையில் கொத்தை வேர் மேலாகப் பிடித்து, மறு கையால் காயைக் கிள்ளி முறத்தில் போடவேண்டும். முதல் நாள் மாலைக்குள் நகக்கண்ணில் மண் ஏறி எரியும். கூழ்ச் சொம்பைப் பிடிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து ஆயும் அத்தைகள் பேச்சையும் நிறுத்தமாட்டார்கள், கையையும் நிறுத்தமாட்டார்கள். ஆய்ந்த கொடி மாட்டுக்கு.

பொழுது சாய்ந்ததும் ஆயா படியை எடுத்துக்கொண்டு வருவாள். ஆய்ந்ததில் பத்துக்கு ஒன்று கூலி, காயாகவே. ஆள்களுக்கு அளக்கும்போது படி நிரம்பிய பிறகும் மேலே குவிப்பாள். கோபுரமாக நின்று, நாலைந்து காய் தானாக உருண்டு விழுந்தால்தான் அவளுக்கு ஒரு படி. என் முறை வந்ததும் உள்ளங்கையால் தலை தட்டிவிடுவாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் ஆயா எனக்கு மட்டும் என்றேன்.

"அவுங்க வவுத்துக்கு ஆயறாங்க. நீ ஐசுக்கு ஆயறே."

*

ஐஸ்காரர் சைக்கிளில் திண்டிவனத்திலிருந்து வருவார், பெட்டி மூடியைத் தட்டிக்கொண்டே. காசு வேண்டாம், ரெண்டு கை மல்லாட்டைக்கு ஒரு சேமியா ஐஸ். என் உழைப்பில் நான் வாங்கித் தின்ற முதல் பண்டம் அதுதான்.

*

காலையில் கேவுருக் கூழ். நொய் போட்டுக் காய்ச்சி, ராத்திரி முழுக்கப் பானையில் இருந்து புளித்தது. உருண்டையை மோரில் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கவேண்டும். கொல்லைக்கு எடுத்துப்போகும் பானையில் யார் வந்தாலும் ஒரு சொம்பு இருக்கும்.

*

திண்டிவனம் என்பதே புளியங்காடுதான். திந்திரிணி என்றால் புளி; ஊர்க்கோயில் சாமிக்கும் திந்திரிணீஸ்வரர் என்று பெயர். மத்தியான வெயிலில் வெளியே விடமாட்டார்கள் என்பதால் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்போம். கொட்டை பல்லாங்குழிக்கு.

*

அப்போது மீட்டர்கேஜ் பாதைக்கு மின்சாரம் விழுப்புரத்தோடு சரி. தெற்கே போகிற வண்டிகளுக்கு அங்கே எஞ்சின் மாற்றவேண்டியிருந்தது. அதைக் காட்டவென்றே ஒரு நாள் தாத்தா எங்களை விழுப்புரம் ஜங்ஷனுக்குக் கூட்டிப்போனார். முண்டியம்பாக்கம் தாண்டும்போது சர்க்கரை ஆலைப் பாகு வாசனை பெட்டிக்குள் வந்தது. சென்னை, திருச்சி, மாயவரம், பாண்டிச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரிவதை மேம்பாலத்தில் நின்று விரல்விட்டு எண்ணினோம். தாத்தா இந்த ஐந்தில் இரண்டுக்குத்தான் போயிருக்கிறார்.

*

திருவக்கரைக்கு வண்டியில் போனது ஒரு பௌர்ணமிக்கு. வக்கிரகாளியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மரமெல்லாம் கல்லாகக் கிடக்கிறது. பட்டை, கணு, வளையம் எல்லாம் அப்படியே இருக்கும், தட்டினால் கல். அம்மன் கொன்ற அசுரனுடைய எலும்பு என்றாள் ஆயா. இரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மரங்கள் என்று பிறகு படித்தேன். எனக்கு இரண்டும் வேண்டும்.

*

போன வருஷம் மே மாதம் போயிருந்தேன். ஊர் இப்போது விழுப்புரம் மாவட்டம். 1993 செப்டம்பர் 30 முதல். ரயில் அகலப்பாதையில் பறக்கிறது. எங்கள் கொல்லையை வாங்கியவர் சவுக்கு போட்டிருக்கிறார். சவுக்குக்கு ஆய்வதும் இல்லை, அளப்பதும் இல்லை. நாலு வருஷம் நிற்கும், வெட்டி லாரியில் ஏற்றிவிடுவார்கள். உள்ளே நடந்தால் காற்றுச் சத்தம் மட்டும்தான். வேப்பமரம் எந்த இடத்தில் நின்றது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

*

1983ஐ எழுதாமல் விட முடியாது. சென்னையில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆயா வீட்டில் கிணறு இருக்கிறதே என்று போனோம். கிணற்றில் பாறை தெரிந்தது. சுரைக்குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு நான் நீந்தப் பழகிய கிணறு அது. ராத்திரி கரண்டு வந்ததும் தாத்தா எழுந்து போய் மோட்டாரைப் போடுவார். கால் மணி நேரம் இறைத்துவிட்டு அது காற்றை இழுக்கும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

செடி மஞ்சளாகி நின்றது. தாத்தா மூலைச்செடி எதையும் பிடுங்கிப் பார்க்கவில்லை. வருகிறவரை வரட்டும் என்று பிடுங்கிப் போட்டார்கள். பாதிக்குப் பாதி பொக்கு. நசுக்கினால் உள்ளே சுருங்கிய தோல்தான். நாள் முழுக்க ஆய்ந்தும் ஒரு பெண்ணுக்கு மூன்று படிகூடத் தேறவில்லை. அதில் பத்துக்கு ஒன்று என்றால் என்ன வரும்?

சாயங்காலம் ஆயா உள்ளே போய், எண்ணெய் ஆட்டுவதற்காகப் போன வருஷத்துக் காயை வைத்திருந்த சாக்கை இழுத்துக்கொண்டு வந்தாள். தாத்தா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவர் மடியிலும் ஒரு படி, கோபுரமாக, காய் உருண்டு விழ விழ. அந்த வருஷம் வீட்டில் தாளிப்பதற்கு மட்டும் சொட்டு எண்ணெய்.

நாங்கள் வரிசையில் நிற்கவில்லை. யாரும் நிற்கவேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஐஸ்காரர் பெட்டியைத் தட்டிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனார்.