வானம் நீலமாகத்தான் இருந்தது



உங்களில் உம்றாவுக்குப் போய், அப்படியே ஜோர்தானையும் பார்த்து வந்தவர்கள் சிலர் இருப்பீர்கள். 2023 பெப்ரவரியில் அப்படியான ஒரு பயணக் குழுவுக்கு அமீராகச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் மனைவியும் மாமியும் கூட வந்தார்கள். மாமிக்கு வயது அறுபத்தேழு; முழங்கால் வருத்தக்காரி. முன்பொரு முறை திருகோணமலை கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்று வெந்நீரையும் வாளியால் அள்ளி ஊற்றிவிட்டு வந்து, ஒரு கிழமை சுகமாக நடந்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர். ஜோர்தானிலும் வெந்நீர் ஊற்று உண்டு என்று யாரோ அவரது காதில் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு அவர் என்னை விடவில்லை.

சாரதியிடம் விசாரித்தேன். "ஹம்மாமாத் மாயீன்தான் பிரபலம், யா ஷேக். அங்கே 60 பாகைச் சூட்டில் நீர் அருவியாகக் கொட்டுகிறது. ஹோட்டல் இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "எங்கள் கரக் பக்கத்திலும் ஒன்றுண்டு. வாதி இப்னு ஹம்மாத். ஆனால் நடக்க வேண்டும்" என்றார். தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது எந்த மனிதனுக்கும் முகம் மலருமல்லவா? நாங்கள் ஆறு பேர் அதற்கே சம்மதித்தோம்.

கரக் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதன் மேற்கே கிடக்கும் சாக்கடலின் நீர்மட்டமோ கடல் மட்டத்துக்கும் 430 மீற்றருக்கு மேல் தாழ்வு. இடைப்பட்ட அந்த இறக்கத்தைத்தான் ஓடைகள் யுகயுகமாக அறுத்து அறுத்துப் பிளந்து வைத்திருக்கின்றன. எங்கள் வான் கோதுமை வயல்களை விட்டு வளைந்து வளைந்து இறங்கியபோது காது அடைத்தது. கடுகண்ணாவை வளைவுகள் நினைவுக்கு வந்தன. ஒரு வித்தியாசம், இங்கே ஒரு மரம்கூட இல்லை. மொட்டைப் பாறை, மண், மறுபடியும் பாறை.

வெந்நீர்த் தடாகங்கள் பாதையின் தொடக்கத்திலேயே இருந்தன. பெண்கள் அபாயாவைச் சற்று உயர்த்திக்கொண்டு முழங்கால் வரை இறங்கி அமர்ந்தார்கள். ஆண்கள் நாங்கள் ஒரு வளைவுக்கு அப்பால் ஒதுங்கிக்கொண்டோம். சற்று நேரத்தில் மாமியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். அங்கே எரிமலை எதுவும் எரிந்துகொண்டிருக்கவில்லை. மேலே மலைநாட்டில் என்றோ பெய்த மழை பாறை இடுக்குகளால் மெல்ல மெல்ல இறங்கி, பூமியின் ஆழத்துச் சூட்டை வாங்கிக்கொண்டு, சாக்கடல் ஓரத்துப் பெரிய நிலப்பிளவுகள் வழியாகத் திரும்பி மேலே வருகிறது. எத்தனையோ காலத்துக்கு முன்பு பெய்த மழையில்தான் மாமி காலை வைத்துக்கொண்டிருந்தார்.

பின்பு ஓடை வழியே கீழ்நோக்கி நடந்தோம். வேறு பாதை கிடையாது; நீர்தான் பாதை. கணுக்கால் அளவு, தெளிந்த, இளஞ்சூடான நீர். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர். சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் கோடு கோடாக ஓடுகிறது, நனைந்த சேலையை விரித்துக் காயப்போட்டது போல. சில இடங்களில் இரண்டு கைகளையும் விரித்தால் இரு சுவரும் எட்டும் போலிருந்தது. பாறையில் கசியும் நீரில் பன்னங்கள் தொங்குகின்றன, ஈச்ச மரங்கள் சாய்ந்து நிற்கின்றன. மேலே பாலைவனம், கீழே இப்படியொரு தோட்டம். தலைக்கு மேல் தெரிந்த வானம் ஒரு நாடா அகலம்தான். அது நீலமாக, ஒரு மேகமும் இல்லாமல் இருந்தது.

சாரதி எங்களுடன் வரவில்லை. வானடியிலேயே நின்றுகொண்டார். சோம்பல்காரர் போலும் என்று எண்ணினேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

அரைமணி நேர நடைக்குப் பின் நிழலான ஒரு தட்டைப் பாறையைக் கண்டேன். அதைத் தெரிவு செய்தவன் நான்தான். விரிப்பை விரித்து ரொட்டியையும் ஒலிவ் காய்களையும் பரப்பினோம். ளுஹர் நேரமும் வந்துவிட்டது. ஓடையில் வுழூச் செய்து, அங்கேயே ஜமாஅத்தாகத் தொழலாம் என்று எழுந்தபோது சாரதி தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "ஸைல்! ஸைல்! மேலே ஏறுங்கள்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். வானம் நீலம். "மழையே இல்லையே" என்றேன். கரக்கில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் சொன்னாராம், கிழக்கே பலத்த மழை தொடங்கிவிட்டது என்று. "சரி, தொழுதுவிட்டு வருகிறோம், பத்து நிமிடம்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "யா ஷேக், மேலேயும் தொழலாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் வந்தது. பெண்கள் முன்னிலையில் அமீரின் பேச்சை ஒரு சாரதி மறுக்கிறாரே என்ற கோபம். அதற்குள் அவர் மாமியின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கிவிட்டார். அனுமதி கேட்கவுமில்லை, பெண்பிள்ளை என்று ஒதுங்கவுமில்லை. மாமியும் மறுவார்த்தை பேசவில்லை. நாங்கள் விரிப்பைச் சுருட்டியும் சுருட்டாமலும் பின்னால் ஓடினோம். வந்தபோது அரைமணி எடுத்த தூரத்துக்குத் திரும்பும்போது முக்கால் மணி ஆயிற்று; மாமியின் முழங்கால் அவ்வளவுதான் அனுமதித்தது.

மேலே பாதையோரத்தில் தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. குழுவிலிருந்த ஓர் இளைஞர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் நீரின் நிறம் மாறியது. முதலில் தேயிலைச் சாயம், பிறகு பால் தேநீர். ஒரு சத்தம் வந்தது, தூரத்தில் லொறி ஒன்று கருங்கல் கொட்டுவது போல. கண்ணாடி போல் கிடந்த ஓடை முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பி, குச்சிகளையும் பிளாஸ்டிக் போத்தல்களையும் உருட்டிக்கொண்டு போனது. மாமி உட்கார்ந்திருந்த தடாகம் எங்கே என்றே தெரியவில்லை. அவ்வளவுதான். பெரிய வெள்ளமல்ல, "இது சின்னப் பிள்ளை" என்றார் சாரதி. ஆனால் ஓடையோடு ஒட்டிக் கிடந்த எங்கள் தட்டைப் பாறையை நினைத்துப் பார்த்தேன். அந்த இடுக்கில், அந்த நீரில், மாமி எந்தக் காலால் நின்றிருப்பார்?

சகோதரிகளே, நான் மாஓயாக் கரையில் பிறந்தவன். எங்கள் வெள்ளம் சொல்லிவிட்டு வரும். முதலில் நம் கூரையில் மழை கொட்டும். பிறகு ஆறு ஒவ்வொரு படியாக ஏறும். உம்மாமார் அரிசி மூட்டையை மேலே தூக்கி வைக்க நேரம் இருக்கும். ஸபஃ நாட்டாரின் தோட்டங்களை அழித்ததாக அல்குர்ஆன் கூறும் அந்த 'ஸைல்' என்ற சொல்லுக்கு இருபது வருடமாக மாணவர்களுக்கு 'வெள்ளம்' என்றே பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மொட்டைப் பாறையில் விழும் மழையைப் பிடித்துவைக்க மண்ணுமில்லை, வேருமில்லை. பெரும் பரப்பில் விழுந்தது முழுவதும் சில மீற்றர் அகல இடுக்குக்குள் ஒரே நேரத்தில் ஓடி வருகிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழ வேண்டும் என்பதில்லை.

திரும்பும் வழியில் சாரதி 2018ஐப் பற்றிக் கூறினார். அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி, மாயீன் ஊற்றுகளிலிருந்து சாக்கடலுக்கு இறங்கும் அதே ஸர்கா மாயீன் பள்ளத்தாக்கில், சுற்றுலா வந்த பாடசாலைப் பிள்ளைகளை ஸைல் அடித்துச் சென்றது. மற்றவர்களும் சேர்த்து 21 பேர் இறந்தனர். கல்வி அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் பதவி விலகினார்கள். பெற்றோருக்கு அதனால் என்ன? பெட்ராவின் குறுகிய பாதையிலும் 1963இல் இருபதுக்கு மேற்பட்ட பிரெஞ்சுப் பயணிகள் இப்படியே இறந்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே நபதேயர்கள் அவ்விடத்தில் வெள்ளத்தைத் திருப்பிவிடச் சுரங்கவழி குடைந்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

"நீங்கள் ஏன் எங்களோடு நடக்கவில்லை?" என்று மெதுவாகக் கேட்டேன். "உள்ளே தொலைபேசி வேலை செய்யாது, யா ஷேக். யாராவது ஒருவர் மேலே நிற்க வேண்டும்" என்றார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம். பள்ளத்தாக்கில் இறங்கும் முன் மேலே மலைநாட்டில் மழை உண்டா என்று அவ்வூராரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் பேரம் பேசாதீர்கள். சாப்பாட்டை மேலே வந்து சாப்பிடுங்கள்.

முழங்கால் எப்படி என்று மாமியிடம் போன கிழமை கேட்டேன். "அந்தத் தண்ணி சுகம்தான் மகன். ஓடி வந்ததில்தான் திரும்பவும் நொந்து போச்சு" என்றார்.