கொட்டகையில் கலக்கும் ட்ரைமிக்ஸ்

ட்ரைமிக்ஸ்: ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் மூன்றும் சேர்ந்த முக்குளிப்பு வாயு.
30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் போதையேற்றும்.
ஹீலியம் ஏற்றாது.

18 சதம் ஆக்சிஜன், 45 சதம் ஹீலியம் வேண்டுமென்றால், காலி சிலிண்டரில் ஹீலியம் 90 பார், ஆக்சிஜன் சுமார் 16, மேலே காற்று 94. மொத்தம் 200.
கணக்கு சுலபம்தான்.
வினை ஆக்சிஜனில் இருக்கிறது: உயர் அழுத்தத்தில் துளி எண்ணெய் பட்டாலும் பற்றிக்கொள்ளும்.
கலவை பிசகினால் மயக்கம் தண்ணீருக்குள்தான் வரும். அனலைசரில் அளக்காத சிலிண்டரை முதுகில் மாட்டவே கூடாது.



இந்தக் கலவையெல்லாம் ஆழத்துக்குத்தான்; மரக்காணம் உப்பளக் கரையோரக் கடலோ ஆழமற்றது.
அங்கே முங்க வெறும் காற்றே போதும்.
உப்புக்காற்றில் சிலிண்டர் துருப்பிடிக்காமல் காப்பதுதான் பெரும்பாடு.