டம்ளரும் ஜன்னலும்

புதுமைப்பித்தன் 1948ல் க்ஷயரோகத்தில் இறந்தார் என்பதை நம்மில் பலர் வெறும் தகவலாகச் சொல்வதில்லை. கலைஞனின் விதி என்கிற தொனி அதில் ஏறிவிடுகிறது. காஃப்காவைப் பற்றியும் இப்படித்தான் பேசியிருக்கிறோம். நோயை உருவகமாக்குவதை எதிர்த்து சூஸன் ஸொண்டாக் 1978ல் ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படித்து ஒப்புக்கொண்டவன்தான் நானும். ஆனால் எங்கள் வீட்டுக்குள் இந்த நோய் உருவகமாக வரவில்லை. ஒரு டம்ளராக வந்தது.

1963ல் சித்தப்பாவுக்கு டி.பி. என்று தெரிந்தது. அதற்கு முன் ஏழெட்டு மாதமாகவே இருமிக்கொண்டிருந்தார். பனி, பீடி, உடம்புச் சூடு என்று காரணங்கள் சொல்லப்பட்டன. தெரிந்த அன்றே அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். மற்றவற்றோடு கலந்துவிடாமலிருக்க அப்பா டம்ளரின் விளிம்புக்குக் கீழே அரத்தால் ஒரு கோடு இழுத்தார். ரேழியை ஒட்டிய அறை அவருக்கு. காப்பியை நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அது என் வேலை. இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றுவதற்கு முன்னால் அந்த அறையின் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்த வேண்டும். அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருமல் தெருவில் கேட்கக் கூடாது.

பாட்டி மட்டும் இந்த ஏற்பாடு எதற்கும் கட்டுப்படவில்லை. “எம் பிள்ளைகிட்டேருந்து எனக்கு என்னடா வரப்போறது” என்று சொல்லிவிட்டு ராத்திரி அந்த அறையிலேயே படுத்துக்கொண்டாள்.

ஒருநாள் சித்தப்பா மீதம் வைத்த காப்பியை எடுத்துக் குடித்துவிட்டேன். எனக்கு அப்போது பத்து வயது. சிறுவர்களுக்குக் காப்பி கிடையாது என்பது வீட்டுச் சட்டம். யாரோ வரும் சத்தம் கேட்டு, டம்ளரைக் கழுவாமல் சமையலறையில் மற்ற டம்ளர்களோடு வைத்துவிட்டு ஓடினேன். சற்றுப் பொறுத்து வந்து பார்த்தபோது பாட்டி அதில் தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். கோடு அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் பாட்டிக்கும் வந்தது. 1965ல் இறந்துபோனாள். சித்தப்பா பிழைத்துக்கொண்டார். எச்சில்தான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். எந்த எச்சில் என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நாற்பது வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காசநோய் பாத்திரத்தின் வழியாகத் தொற்றுவதில்லை. இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை கீழே விழுந்துவிடுகின்றன. சிறியவை விழுவதற்குள் ஈரம் உலர்ந்து, கிருமியைச் சுமக்கும் துகளாகச் சுருங்கி, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கின்றன. வில்லியம் வெல்ஸ் இதை 1934லேயே எழுதினார். ஐந்து மைக்ரானுக்கும் சிறிய இத்துகள்களே நுரையீரலின் கடைசி நுண்ணறைவரை போய்ச் சேரக்கூடியவை. 1950களின் கடைசியில் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் அவர் கூட்டாளிகளும் ஆறு அறைகள் கொண்ட ஒரு காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். அவை நோயாளியைத் தொட்டதில்லை, அவன் பாத்திரத்தைத் தொட்டதில்லை. அந்தக் காற்றைச் சுவாசித்தன, தொற்று வந்தது. புறஊதா ஒளி பாய்ச்சிய காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை.

இதற்கு பால்டிமோர் வரை போக வேண்டியதில்லை. 1956ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய்க் கீமோதெரபி மையத்தில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை ஸானடோரியத்திலும் மற்றதை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்கள் ஏழைகள், நெரிசலில், குறைந்த சாப்பாட்டில் இருந்தார்கள். இருந்தும் குணமாவதில் பெரிய வித்தியாசமில்லை. அவர்கள் வீட்டாருக்கு அதிகமாகத் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்குவதற்கு முன் இருந்த நெருக்கமே ஆபத்து. இந்த முடிவுகள் 1959ல் வெளிவந்தன. எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் இது தெரிந்திருந்தபோது, நாலு வருஷம் கழித்து அப்பா அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆக, டம்ளர் விஷயத்தில் நான் குற்றவாளி இல்லை. படித்தபோது ஆறுதலாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் ஜன்னல் ஞாபகம் வந்தது. அந்த அறையில் செய்திருக்கக்கூடிய ஒரே உருப்படியான காரியம் அதைத் திறந்து வைப்பது. தினமும் அதைச் சாத்தியவன் நான். கண்டுபிடிப்பதற்கு முந்திய மாதங்களிலேயே பாட்டிக்குத் தொற்றியிருக்கலாம் என்பதும் உண்மை. கணக்கு நேர்செய்ய முடியாத ஒன்று. ஆனால் யாரும் என்மேல் சுமத்தாத குற்றம் அது.

நாம் ஏன் டம்ளரைப் பிடித்துக்கொள்கிறோம் என்று யோசிக்கிறேன். தொற்று என்றதும் நம் மனம் அதைத் தீட்டு என்று மொழிபெயர்த்துக்கொள்கிறது என்பதே என் எண்ணம். தீட்டுக்கு எல்லை உண்டு, ஆள் உண்டு. யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய வித்தை. காற்றை அப்படிப் பிரித்து நிறுத்த முடியாது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனமே கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று அறிவித்து, பின்னால் அதை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இவ்வளவும் படித்திருந்த நானும் அந்த நாட்களில் காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தேன், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு.

சித்தப்பா 1991ல், வேறு காரணத்தால் இறந்தார். கடைசிவரை அந்தக் கோடு போட்ட டம்ளரில்தான் குடித்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

போன வருஷம் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். டம்ளர் கதையைக் கேட்டுச் சிரித்தாள். ஜன்னல் என்றதும் பேச்சை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “எனக்காகத்தானேடா சாத்தச் சொன்னா” என்றாள்.