கிளட்சும் உடம்படுமெய்யும்

நன்னூலில் உயிரீற்றுப் புணரியலை நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: உடம்படுமெய் எதற்கு? இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்றால் ஒட்டா. இடையில் யகரமோ வகரமோ வந்து அவற்றை உடன்படச் செய்கிறது என்பேன். மணி, அடித்தது என்பவை மணியடித்தது ஆகின்றன. பின்வரிசைக்கும் விளங்கட்டுமென்று, 'மோட்டார் சைக்கிளில் கிளட்ச் இருக்கிறதல்லவா, அதுபோல' என்று சேர்த்துச் சொல்வேன். வகுப்பு சிரிக்கும். அந்த உவமை எனக்குக் கிடைத்த இரவைப் பற்றி மட்டும் அங்கே சொன்னதில்லை.

2006ஆம் ஆண்டுக் கோடையில் ஓரிரவு, அத்தை இறந்த செய்தி வந்தது. துறையூரிலிருந்து பெரம்பலூர் செல்லும் சாலையில், சற்று உள்ளடங்கிய ஊர். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பிறந்த வீட்டுக் கோடி போகாமல் எடுக்க முடியாது. உடன்பிறந்தவர் என்று இருந்தவர் அப்பா ஒருவர்தாம். முசிறியில் அந்நேரத்துக்குப் பேருந்து இல்லை. கடைக்காரரை எழுப்பி வாங்கிய புடவையை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு அப்பா என் பின்னால் ஏறினார்.

அம்மா போன பிறகு நானும் அப்பாவும் பேசிக்கொள்வது அரிது. முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். நான் தமிழ் படித்ததில் அவருக்கு வருத்தம். அவர் வருந்தியதில் எனக்கு வருத்தம். இடையில் நின்று, ஒருவர் சொல்லை மற்றவருக்குப் பதமாக்கித் தந்தவள் அம்மா.

பாதி வழியில் ஒரு வளைவில் கிளட்சைப் பிடித்தேன். பிடி உயிரற்றுக் கைக்குள் மடங்கியது. கேபிள் அறுந்துவிட்டது. பதற்றத்தில் பிரேக்கை மிதிக்க, வண்டி குலுங்கி அணைந்தது. சுற்றிலும் இருட்டு.

"கேபிள் போனா வண்டி போகாதா?" என்றார் அப்பா.

வண்டியை முன்னும் பின்னும் அசைத்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். இருவருமாக ஒரு பாலத்து மேட்டுக்குத் தள்ளிச் சென்றோம். உதைத்து எஞ்சினைக் கிளப்பி, ஏறி அமர்ந்து, இறக்கத்தில் உருளவிட்டோம். "இப்பப் போடு" என்றார். முதல் கியர் ஒரு துள்ளலோடு விழுந்தது. வேகம் கூடியும் இரண்டாவது விழவில்லை. காலால் எவ்வளவு அழுத்தியும் அசையவில்லை.

"முறுக்கிக்கிட்டே இருந்தா அது எப்படிடா மாறும்? விடு."

விட்டேன். அந்த நொடியில் கியர் வெண்ணெயில் கத்திபோல் இறங்கியது.

பிற்பாடுதான் காரணத்தைத் தெரிந்துகொண்டேன். மோட்டார் சைக்கிளின் பல்சக்கரங்கள் எப்போதும் கோத்தபடியே சுழல்கின்றன. கியர் மாறும்போது, ஒரு சக்கரத்தின் பக்கவாட்டிலுள்ள முட்டுகள் நகர்ந்து அடுத்ததன் பள்ளத்தில் பிடித்துக்கொள்கின்றன. எஞ்சின் தள்ளும்போது அம்முட்டுகள் இறுகிக் கிடக்கும், பிரியா. முறுக்கை விட்டதும், பின்சக்கரம் எஞ்சினைத் தள்ளத் தொடங்குமுன், எதுவும் எதையும் தள்ளாத ஒரு கணம் வருகிறது. அப்போது கால் அழுத்தினால் போதும். நின்ற வண்டியை நகர்த்தவும், கியரிலேயே நிறுத்தவுந்தான் கிளட்ச் இன்றியமையாதது. மற்ற வேளைகளில் அது அந்தக் கணத்தைக் கையால் உண்டாக்கித் தருகிறது, அவ்வளவே.

அப்பாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. பழைய லாரிகளில் எஞ்சின் ஓசையைக் காதால் கேட்டே பல்லுக்குப் பல் சேர்த்தவர். என் தோளில் கை வைத்திருந்தார். ஓசை ஏறி ஒரு பதத்துக்கு வரும்போது விரல்கள் லேசாக அழுந்தும். நான் முறுக்கை விட்டு மிதிப்பேன். கியரைக் குறைக்கும்போது மட்டும் முதலில் விட்டு, மிதித்தபடியே சற்று முறுக்கச் சொன்னார். துறையூர் உறங்கிக் கிடந்தது. எங்கும் நிற்க நேரவில்லை. சாவு வீட்டு விளக்கு தெரிந்ததும் நியூட்ரலுக்கு வந்து உருண்டே போய் நின்றோம். விடிவதற்குள் கோடி போய்ச் சேர்ந்துவிட்டது. அவ்வளவு நேரம் அவர் கை என்மேல் இருந்தது சிறுவயதுக்குப் பின் அன்றுதான்.

திரும்பும்போது துறையூரில் புதுக் கேபிள் போட்டோம். அப்பா சொன்னார்: "இதைப் பழக்கமாக்கிக்காதே. தப்பா விழுந்தா முட்டு தேஞ்சுடும். கிளட்ச் இருக்கறப்ப கிளட்சைப் பிடி."

எங்களுக்கு இனி அது இல்லை என்பதை நினைத்துத்தான் சொன்னாரா? 2014இல் அவர் போகும்வரை நான் கேட்கவில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பின் வீட்டில் குரல்கள் உயரும்போதெல்லாம் யாராவது ஒருவர் முறுக்கை விட்டோம். பெரும்பாலும் நான், சில நாட்களில் அவர்.