துறைமுக விளக்குகளுக்கு மேலே ஸுஹைல்

நட்சத்திரம் பார்க்க ஏலகிரிக்கோ காவலூருக்கோ அல்லவா போக வேண்டும், திருவொற்றியூரில் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தெற்கே துறைமுகத்தின் விளக்கு வரிசை. மேற்கே மணலி ஆலைகளின் தீச்சுடர். வடக்கே எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள். சாலையில் ஓயாத கண்டெய்னர் லாரிகள். கிழக்கே கடல் ஒன்றுதான் இருட்டு. அங்கும் நங்கூரமிட்ட கப்பல்கள் ஒளி வீசுகின்றன.

ஆயினும் 2025 ஜனவரிக் கடைசி வாரத்தில், நிலவில்லாத ஓர் இரவு, தொலைநோக்கி ஆர்வலர் சிலருடன் அக்கரையின் தடுப்புக் கற்களருகே இருந்தேன். மஃரிப் தொழுகை முடிந்ததும் எட்டு அங்குல ஆடி பொருத்திய தொலைநோக்கியை மேற்கே திருப்பினர். வெள்ளிக்கோள் அரைவட்டத்திலும் சற்றுக் குறைந்து தெரிந்தது. எட்டிப் பார்த்த சிறுவன் ஒருவன் "பிறை!" என்று கூவினான். சனியின் வளையமோ ஊசி செருகியது போல் மெலிந்திருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் பூமி அவ்வளையத்தின் தளத்தைக் கடக்கவிருந்ததே காரணம்.

உச்சியில் வியாழன், அதன் அருகே செந்நிறமாய் ஒரு விண்மீன். "ஆல்டெபரான்" என்றார் பொறியாளரான ஓர் இளைஞர். அது 'அத்தபரான்', 'பின்தொடர்வது' என்னும் அரபுச் சொல் என்றேன். கார்த்திகைக் கூட்டமாகிய 'துரய்யா'வின் பின்னே செல்வதால் வந்த பெயர். அவர் வியந்தார். என் மனமோ மத்ரஸாவை நினைத்தது. ஸர்ஃபும் நஹ்வும் ஓதும் நம் மாணவர் அச்சொல்லைப் பகுத்து விளக்கிவிடுவர். அந்த விண்மீனைக் காட்டு என்றால் விழிப்பர்.

காட்டத்தான் வானம் எங்கே இருக்கிறது? அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ கி.பி. 964 வாக்கில், தொலைநோக்கியே இல்லாத காலத்தில், சிறு மேகமாகக் குறித்து வைத்தது ஆண்ட்ரோமெடா. மணலிப் பக்கத்து ஒளியில் அது எட்டு அங்குல ஆடியிலும் வெறும் கறையாகவே தெரிந்தது.

பத்து மணிக்கு மேல்தான் அந்த இரவின் செல்வம் கிடைத்தது. வடக்கே, புகைபோக்கிகளுக்குச் சற்று மேலே, துருவ நட்சத்திரம் மங்கலாய் நின்றது. அதன் உயரம் ஏறத்தாழ 13 பாகை. இவ்வூரின் அட்சரேகையும் அதுவே. அரபு மாலுமிகளின் 'கமால்' இக்கணக்கில் இயங்கியதுதான். முடிச்சிட்ட கயிற்றைப் பல்லில் கடித்து, சிறு பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பை அவ்விண்மீனிலும் பொருத்துவர். எந்த முடிச்சில் பொருந்துகிறதோ அதைக்கொண்டு துறையை அறிவர். சோழமண்டலக் கரையில் இதனை இராப்பலகை என்றனர். இன்று காசிமேட்டுப் படகுகளில் ஜி.பி.எஸ். இருக்கிறது, குறை சொல்வதற்கில்லை.

தெற்கே திரும்பினோம். இராயபுரத்துக்கும் அப்பால், துறைமுக விளக்குகள் அத்தனைக்கும் மேலே, அவற்றுக்கு அஞ்சாமல் ஒரு வெண்சுடர். தமிழர் அதை அகத்தியர் என்றனர். அரபியர் ஸுஹைல் என்றனர். வட ஐரோப்பியர் தம் ஊரிலிருந்து இதைக் காணவே முடியாது.

ஸுஹைல் என்ற பெயருடைய பிள்ளை உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருப்பான். பிப்ரவரி நடுவில், இரவு ஒன்பது மணிக்கு, அவனை மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நிறுத்துங்கள். மிக உயரே பளீரென நிற்பது, அந்நஜ்ம் அத்தியாயம் பெயர் கூறும் அஷ்ஷிஃரா. அதற்கு வெகு கீழே, நீட்டிய கையின் இரண்டரை முட்டி உயரத்தில், அவனுடைய பெயர் இருக்கும்.