மூச்சு வாங்குதல்

இயல்பாகச் சுவாசிப்பவனை 'மூச்சு விடுகிறான்' என்கிறோம். இளைத்துத் தவிப்பவனைக் கண்டால் 'மூச்சு வாங்குகிறது' என்கிறோம். வாங்குதல் என்பதற்கு வளைத்தல், இழுத்தல் என்னும் பழம்பொருள்கள் உண்டென்பதைத் தமிழ் பயில்வோர் அறிவர். ஆயினும் இன்று நம் செவிக்கு முதலில் எட்டுவது விலை கொடுத்துப் பெறுதல் என்னும் பொருளே. இருதயம் தளர்ந்தவர்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் மெய்யாகவே விலை கொடுக்கின்றனர் என்பது உடல்நூலார் கண்ட உண்மை. அவ்விலை யாது, அதனைக் குறைத்தல் கூடுமோ என்பதே ஈண்டு யான் ஆராய விழைவது.

என் பாட்டனார் நெடுங்காலம் தமிழாசிரியராய் இருந்தவர். வெண்பா ஒன்றை ஒரே மூச்சில் ஓதி முடிப்பது அவர்க்குப் பெருமிதம். அவர்தம் இருதயத் தளர்ச்சியை எங்கட்கு முதலில் அறிவித்தது வைத்தியர் கருவியன்று, வெண்பாவே. முதலில் ஈரடிக்கு ஒருமுறை நின்றார். பின்னர் அடிதோறும் நின்றார். முடிவில் சீர்தோறும் நிற்கலானார். ஓரிரவு படுக்க ஒண்ணாமல் எழுந்தமர்ந்து திணறினார். மருத்துவமனையில் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி ஒன்றை இறுகப் பொருத்தி, ஓர் இயந்திரத்தால் காற்றைச் சிறிது அழுத்தத்துடன் செலுத்தினர். தொண்டையில் குழாய் செருகவில்லை. மயக்க மருந்தும் கொடுக்கவில்லை. விடியுமுன் அவர் நெற்றி வியர்வை அடங்கிற்று. முகமூடியைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் மொழி, "தம்பி, மூச்சுப் போனாலும் போகட்டும், வெண்பாவின் நடுவில் மட்டும் போகலாகாது" என்பதே.

இருதயத் தளர்ச்சி என்பது இருதயம் நின்றுபோதல் அன்று. உடலுக்கு வேண்டுமளவு இரத்தத்தை அது செலுத்த மாட்டாமை. செலுத்தப்படாத இரத்தம் பின்னே தேங்க, நுரையீரலில் நீர் கசிந்து, அது விறைக்கின்றது. விறைத்த நுரையீரலை விரிப்பதற்கு உதரவிதானம் முதலிய மூச்சுத் தசைகள் மிகுதியும் உழைக்கின்றன. உழைக்கும் தசை இரத்தம் வேண்டும். நடக்கும்போது கால்களும் இரத்தம் வேண்டும். செல்வர் வீட்டில் இருவர் கேட்டால் இருவர்க்கும் கிடைக்கும். வறியோன் வீட்டில் ஒருவர்க்கு ஈந்தால் மற்றவர்க்கு இல்லை. மூச்சுத் தசைகள் களைத்தவுடன், நரம்புகளின் ஏவலால் காலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஆதலின், மூச்சுக்குரிய விலையைக் கால்கள் கொடுக்கின்றன.

இம்முகமூடி முறை புதியதன்று. 1936-இல் இலண்டன் மாநகரில் பௌல்டன் என்னும் வைத்தியர், தூசி உறிஞ்சும் வீட்டுக் கருவியின் காற்றைத் திருப்பிவிட்டு, இருதயத் தளர்ச்சியால் நுரையீரலில் நீர் கோத்தவர்க்கு அழுத்தக் காற்றை ஊட்டினார். அவ்வழுத்தம் நுரையீரலின் சிற்றறைகளை மூடாமற் காக்கின்றது. மூச்சுத் தசைகளின் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றது. இருதயத்தின் இடப்புறத்து வேலையையும் ஓரளவு எளிதாக்குகின்றது.

வீடு திரும்பியபின், பாட்டனார் கட்டிலை விட்டு இறங்கலாகாது என்பதே உறவினர் பலரின் தீர்ப்பு. அன்பினால் எழுந்த தீர்ப்பாயினும் அது பழைய தீர்ப்பு. டப்ளின் நகரத்து வில்லியம் ஸ்டோக்ஸ் 1854-இல் வெளியிட்ட இருதய நோய் நூலிலேயே, இருதயம் தளர்ந்தார் சிலர்க்கு அளவோடு நடை பழகுதலை விதித்தார். எனினும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நெடுநாட் படுக்கையே மருந்தெனக் கருதப்பட்டது. படுத்தே கிடப்பின் கால் தசைகள் மெலியும். மெலிந்த தசை சிறு நடைக்கும் களைக்கும். களைத்தவர் மீண்டும் படுப்பர். நிலைபெற்ற நோயாளர்க்கு அளவான பயிற்சியே இன்று வைத்தியர் கூறும் நெறி.

நடைத்திறனை அளக்க எளிய சோதனை ஒன்றுண்டு. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் 6 நிமிடம் இயன்றவரை நடக்கச் சொல்லித் தொலைவைக் குறித்துக்கொள்வர். இடையில் நின்று இளைப்பாறலாம், ஓடலாகாது. பாட்டனார் முதன்முறை அத்தாழ்வாரத்தை ஆறு தடவை கடந்தார். மூன்று திங்கட் பயிற்சிக்குப்பின் ஒன்பது தடவை கடந்தார். உலகிற்கு அது சிறிய கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து தெருமுனைப் படிப்பகத்திற்குச் செல்ல அம்மிச்சம் போதுமானது.

முகமூடியையும் நடையையும் இணைத்துப் பார்த்தவரும் உளர். 1999-இல் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், இருதயத் தளர்ச்சியுடையார் சிலரை நிலைமிதிவண்டி மிதிக்கச் செய்து, உள்மூச்சின்போது காற்றழுத்தம் உதவினால் அவர்கள் நெடுநேரம் மிதிக்க வல்லராதலைக் கண்டனர். 2010-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார், மூச்சுத் தசைகளின் வேலையைக் குறைத்தபோது நோயாளரின் கால்களுக்கு இரத்தம் மிகுதியாய்ப் பாய்ந்ததை அளந்து காட்டினர். மூச்சின் விலை தாழ, மிஞ்சிய பொருள் கால்களுக்குச் சென்றது.

எனினும் இயந்திரத்தை எல்லார்க்கும் ஏற்ற அமுதம் எனல் தகாது. உறக்கத்தில் மூளையின் ஏவல் தளர்ந்து மூச்சு நின்று நின்று வருவோர்க்கு, மூச்சின் போக்கிற்கேற்ப அழுத்தத்தை மாற்றும் முகமூடி இயந்திரம் ஒன்றை இரவுதோறும் அணிவித்துச் சோதித்தனர். இருதயம் மிகத் தளர்ந்த அவர்களுள், அதனை அணிந்தாரிடையே இருதய நோயால் இறந்தவர் மிகுதி என்பது 2015-இல் வெளியாயிற்று. நன்மை விளையும் என நம்பியே தொடங்கிய சோதனை அது. யார்க்கு, எப்பொழுது, எவ்வளவு என்பதை வைத்தியரே வரையறுத்தல் வேண்டும்.

விடுமுறையில் வீடு செல்லும் நண்பர்காள்! மூச்சு வாங்கும் முதியோர் நும் இல்லத்தில் இருப்பின், 'அசையாதிருங்கள்' என்று அன்பினால் அவர்களைக் கட்டிலோடு பிணித்துவிடாதீர். வைத்தியர் இசைவு பெற்றபின், கைத்தடியை எடுத்துக் கொடுத்து, அவர்தம் நடைக்கு நும் நடையைக் குறைத்து, உடன் செல்லுங்கள். அவர்கள் நிற்குமிடத்து நின்று, பேச விரும்புங்கால் அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.