வெண்கல முற்றம், பொன் கருவறை

எருசலேமில் கி.மு. 10-ஆம் நூற்றாண்டில் சாலொமோன் அரசன் கட்டியதாகச் சொல்லப்படும் ஆலயத்தின் ஒரு கல்கூட இதுவரை உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. அதைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் எபிரெய வேதாகமத்தின் வழியாகத்தான். முதலாம் இராஜாக்கள் நூல் ஆலயத்தை வருணிக்கிறது. அதற்கு முந்தைய நடமாடும் கோயிலான ஆசரிப்புக் கூடாரத்தை யாத்திராகமம் வருணிக்கிறது. இவை தரும் எடைக்கணக்குகளை அப்படியே ஏற்க ஆய்வாளர் பலர் தயங்குகிறார்கள். ஆனால் எந்தப் பொருள் எங்கே இருக்கவேண்டும் என்பதில் இரு நூல்களும் காட்டும் கண்டிப்பு தற்செயலானதல்ல. அதுவே பண்டைய இஸ்ரவேலரின் சமயத்தின் புனித எல்லைகளை வகுத்துக் காட்டுகிறது.

முற்றத்தில் வெண்கலம், உள்ளே போகப் போகப் பொன். பலிபீடம், பன்னிரண்டு காளைகளின் மேல் நின்ற பத்து முழ விட்டமுள்ள 'கடல்' தொட்டி, வாசலில் பதினெட்டு முழ உயரத்தில் நின்ற யாகீன், போவாஸ் தூண்கள் என வெளியே இருந்தவை யாவும் வெண்கலம். தூண்களையும் தொட்டியையும் வார்த்தவர் தீரு நகரத்துக் கைவினைஞர் ஈராம். கருவறையான மகா பரிசுத்த ஸ்தலமோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இருபது முழம் கொண்ட கனசதுர அறை. அதன் உட்புறம் முழுவதும் பசும்பொன் தகடு. அங்கே நின்ற, கேருபீன்கள் எனப்படும் சிறகுள்ள உருவங்கள் ஒலிவ மரத்தில் செதுக்கப்பட்டுப் பொன் போர்த்தப்பட்டவை. சன்னலில்லாத அந்த அறைக்குள் பொதுமக்கள் எவரும் போகமுடியாது என்பதால், அந்தப் பொன் பார்ப்பவரை மலைக்கவைக்கப் பூசப்பட்டதல்ல என்பது தெளிவு.

கூடாரத்தில் இந்த வரிசை இன்னும் நுணுக்கமானது. நுழைவாயில் திரையைத் தாங்கிய ஐந்து தூண்களுக்குப் பொன் தகடு போர்த்தப்பட்டிருந்தாலும் அவற்றின் பாதங்கள் வெண்கலம். உள்திரையின் நான்கு தூண்களுக்கு வெள்ளிப் பாதங்கள். திரைகளிலும் இதே முறைதான்: உள்திரையில் நீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களோடு கேருபீன் உருவங்களும் உண்டு, வெளித்திரையில் நிறங்கள் மட்டுமே. நீலத்தையும் இரத்தாம்பரத்தையும் கடல் நத்தைகளிலிருந்து எடுத்தார்கள். ஒரு துணிக்கே எண்ணற்ற நத்தைகள் வேண்டும். தெற்கே திம்னா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 3,000 ஆண்டு பழைமையான, இத்தகைய நத்தைச் சாயமேறிய துணித் துண்டுகள் கிடைத்திருப்பதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது.

வெள்ளியின் கதை வேறு. இருபது வயதும் அதற்கு மேலுமுள்ள ஆண்கள் 6,03,550 பேர் தலைக்கு அரைச் சேக்கல் எடை வெள்ளி செலுத்தினார்கள் என்கிறது யாத்திராகமம். செல்வன் கூட்டித் தரக்கூடாது, ஏழை குறைத்துத் தரக்கூடாது. உயிருக்கு மீட்புப் பணமான அந்த வெள்ளியில்தான் கூடாரத்தின் நூறு வெள்ளிப் பாதங்களும் வார்க்கப்பட்டன. பாதத்துக்கு ஒரு தாலந்து எடை. எல்லோரும் சமமாகக் கொடுத்தது அடித்தளமாயிற்று. பொன்னோ மனமுவந்தவர் கொடுத்த காணிக்கை.

ஒதுக்கப்பட்ட உலோகமும் உண்டு. கற்கள் வெட்டியெடுத்த இடத்திலேயே பண்படுத்தப்பட்டதால், ஆலயம் எழும்பும்போது இரும்புக் கருவியின் ஓசை கேட்கவில்லை என்கிறது நூல். பலிபீடத்தைக் கல்லால் கட்டினால் உளிபடாத கல்லால்தான் கட்டவேண்டும் என்றும் விதி இருந்தது. இரும்பு ஆயுதத்தின் உலோகம், உயிரை வளர்க்கும் பீடத்தில் அதற்கு இடமில்லை என்று பிற்கால யூத அறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். பொன்னுக்கும் ஒரு விலக்கு உண்டு. பாவநிவிர்த்தி நாளில் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழையும்போது பிரதான ஆசாரியர் பொன் இழையோடிய உடையைக் களைந்து வெறும் சணல் உடுத்தினார்.

புனிதப் பொன் அரசர்களுக்குக் கருவூலமாகவும் இருந்தது. அசீரிய அரசனுக்குக் கப்பம் கட்ட யூதா அரசன் எசேக்கியா ஆலயக் கதவுகளின் பொன்னையே உரித்துக் கொடுத்தான். கி.மு. 586-இல் பாபிலோனியர் வெண்கலத் தூண்களையும் 'கடல்' தொட்டியையும் உடைத்து அள்ளிச் சென்றார்கள்.

தங்கமில்லாத இடத்திலும் இந்த வரிசைமுறை தொடர்ந்தது. யூதாவின் தென் எல்லைக் கோட்டையான ஆராத்தில் 1960-களில் ஒரு சிறு கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. முற்றத்தில் மண்ணாலும் உளிபடாத கற்களாலும் ஆன பலிபீடம்; கருவறை வாசலில் சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய இரண்டு தூபபீடங்கள். பெரிய பீடத்தின் மேல் எஞ்சியிருந்த கரிய படிவம் சாம்பிராணிப் பிசின் என்று 2020-இல் வெளியான வேதியியல் ஆய்வு காட்டியது. தென்னரேபியாவிலிருந்து பாலைவனம் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு அது. அந்தச் சிறிய கோயிலிலும் விலைமதிப்புள்ள பொருள் கருவறை வாசலில்தான் எரிந்தது.